முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை

எமர்ஜென்சியின் கடைசியில் வந்த அந்தத் தேர்தலைப் புதுச்சேரியில் யாரும் எம்.பி. தேர்தலாகப் பார்க்கவில்லை. "அந்தம்மா வேணுமா, வேணாமா?" அவ்வளவுதான் கேள்வி. டீக்கடையில், பஸ்ஸில், மீன் வாங்கும் இடத்தில்கூட அதே பேச்சு. பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நான் போய் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

காரணம் என் அண்ணன். மில்லில் வேலை, சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். அவரை மிசாவில் பிடித்துக் கடலூர் ஜெயிலில் போட்டிருந்தார்கள். அம்மா அப்பா போனபிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். போலீஸ் ஜீப் வந்து போனதற்கு மறுநாள் நான் கிணற்றடிக்குப் போனேன். வீட்டுக்கார அக்கா நிரம்பாத குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் என் தலையில் பேன் பார்த்துவிட்டவள். பிள்ளைகளைக்கூட என் பக்கம் விடவில்லை. அவள் புருஷனுக்கு அரசாங்க வேலை. தெருவில் மற்றவர்களும் அப்படித்தான். திட்டவில்லை, சண்டை போடவில்லை. பார்க்காமல் போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. சில நாட்கள், வேலைக்குப் போய் "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லும்போதுதான் என் குரலை நானே கேட்பேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அண்ணன் உள்ளே போனதும் என்னை ட்ரங்க் போர்டிலிருந்து எடுத்து உள்ளூர் போர்டில் போட்டார்கள். வெளியூர்க் கால்களை நான் கேட்கக்கூடாதாம். சூப்பர்வைசர் அம்மா அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டு எண்ணிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். அன்றைக்கு ஊரே ட்ரங்க் கால் புக் செய்தது. ஆள் போதவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மா என் தோளைத் தொட்டு, "நீ அங்க போய் உக்காரு" என்றாள். பழைய இடத்தில் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் முடிவு தெரிந்துவிட்டது. மத்தியில் ஆண்டவர்களோடு கூட்டு வைத்திருந்த கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே சரவெடி. யாரோ ஒருவர் கேட்டைத் தாண்டி வந்து எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து போர்டுப் பெண் வாயில் போட்டுக்கொண்டு, "தமிழ்நாட்டுலயும் எல்லாம் இவங்கதானாம்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தெரியவில்லை. நான் லட்டை போர்டின் ஓரத்தில் வைத்துவிட்டேன். அண்ணன் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அப்புறம் ஒரு சென்னை லைன். பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு விநாடி கீயைத் தட்டிக் கேட்போம். அந்த விநாடியில் காதில் விழுந்தது: "வடக்க மொத்தமா போச்சு சார். அவங்க தொகுதியிலேயே அவங்க பின்னாடி இருக்காங்களாம்."

கீயை விட்டுவிட்டேன். எதிரே வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காதில் விழுந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்? அடுத்த பிளக்கைச் செருகினேன். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர். ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும்.

"மெட்ராசுல எம் பொண்ணுகிட்ட பேசணும், மத்மோசேல். எவ்ளோ நேரமாவும்?"

"லேட்டாகும் சார். லைன் எல்லாம் பிஸி."

"பரவால்ல. ஒனக்கு ஒடம்பு சரியில்லியா? கொரலு ஒரு மாதிரியா இருக்குதே."

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

"சரிம்மா. தண்ணி குடி. மெர்சி."

அந்த ஒரு வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினேன். விழுப்புரம் ரோட்டில் ஊர்வலம் வழியை மறித்தது. மேளம், கொடி, லாரி மேல் பையன்கள். பஸ்ஸில் பாதிப் பேர் கீழே இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். லாரியிலிருந்து ஒருவன் கண்டக்டரைப் பார்த்து, "ஜெயிச்சிட்டோம்ணா!" என்று கத்தினான். கண்டக்டர் கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதைக் காதில் வைத்தபடியே, "டில்லில தோக்குறோமாம்பா. இப்ப நாம ஜெயிச்சமா, தோத்தமா?" என்றார். அவன் முகம் என்னவோ போலானது. மேளக்காரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான்.

வீட்டு வாசலில் அக்காவின் புருஷன், வீட்டுக்காரர், நின்றிருந்தார். உள்ளே ரேடியோ ஓடியது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"எக்ஸ்சேஞ்சுல எதுனா தெரிஞ்சிதாம்மா?"

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். சமைக்கத் தோன்றவில்லை. அண்ணனுடைய சட்டைகளை எடுத்து, துவைத்திருந்தவற்றையே மறுபடி நனைத்துப் போட்டேன்.

காலை ஏழேகால் மணிச் செய்தியில் எல்லாம் உறுதியானது. ஆட்சி போய்விட்டது, அந்தம்மாவும் தோற்றுவிட்டார். தெருவில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முந்தின நாள் வெடித்த காகிதம் சிவப்பாக அப்படியே கிடந்தது. யாரும் பெருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளயாச்சே, பாவம்" என்றாள். வீட்டுக்கார அக்கா ஒரு டம்ளர் காப்பியோடு என் கதவுக்கு வந்தாள்.

"அண்ணன் வந்துடுவாருல்ல?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். காப்பி நன்றாக இருந்தது.

அண்ணன் விடுதலையாகி வந்த நாளில், ஊருக்குள் வருமுன் தவளக்குப்பத்திலேயே சங்கத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கி, மாலை போட்டு, வேனில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். நான் காலையிலிருந்து வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். அவர் வீட்டுக்குள் கால் வைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆள் இளைத்து, காதோரம் நரைத்திருந்தார். பின்னாலேயே தெரு முழுக்க வந்தது. வீட்டுக்காரர் சந்தன மாலை வாங்கிவந்து போட்டார். அக்கா ஆரத்தி எடுத்தாள். அண்ணன் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்க? அவங்ககிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்குற?"

"இவ்ளோ நாளு அவங்கதான் எங்கிட்ட பேசல."

"பயந்திருப்பாங்க, பாவம். மனசுல வச்சிக்காத." குழம்பை ஊற்றிக்கொண்டார். "மீனு நல்லாகீது."

அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கு யார்மேலும் கோபமில்லை. உள்ளே கூட்டத்தோடு கூட்டமாக இருந்தார். பாடினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தார்களாம். கிணற்றடி எப்படி இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கல்யாணமானது. அதற்குள் அந்தம்மா ஜெயித்துத் திரும்ப வந்துவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு நிறைய நண்பர்கள் வருவார்கள். அண்ணன் ஜெயில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

ஒருநாள் அண்ணனின் மனைவி அடுப்படியில் என்னோடு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கூடத்தில் அதே கதை, அதே சிரிப்பு. அவள் திடீரென்று, "அவுரு உள்ள இருந்தப்ப நீங்க யாரு கூட இருந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

"தனியாத்தான்."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சி" என்றேன். அதற்குமேல் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து அண்ணன் டீ கேட்டுக் குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. "சொல்லுங்கக்கா" என்றாள்.