பாத்துச் செய்யுங்கோ

ஓய்வு பெறும்வரை நான் வேலை செய்த இடத்தை எங்கள் ஆட்கள் ‘துவக்குக் கந்தோர்’ என்றுதான் சொல்வார்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டின் மத்திய அரசுக்குரிய பிராந்திய அலுவலகம் அது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கொடுப்பது, கொடுத்த அனுமதியைப் பறிப்பது, வெடிமருந்துக் களஞ்சியங்களைச் சோதிப்பது எல்லாம் அங்கிருந்து நடந்தன. பெயரைக் கேட்டால் பெரிதாக இருக்கும். உள்ளே தொலைபேசிகளும் கணினிகளும் எப்போதும் பழுதாகிக் கிடக்கும் ஒரு காப்பி இயந்திரமும்தான். நான் ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

தேர்த் திருவிழா நெருங்கினால் கோயில் நிர்வாகசபைக்காரர் ஒருவர் வாணம் விடும் அனுமதி பற்றி எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

“அண்ணை, உது சும்மா வாணம். உதுக்கும் வெள்ளைக்காரனிட்டைக் கேக்கோணுமோ?”

“கேக்கோணும்.”

“அப்ப நீங்கள் என்னத்துக்கு உள்ளுக்கை இருக்கிறியள்?”

நான் அங்கே எழுதுவினைஞர். ஊரில் ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றவன். தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், தமிழர் ஒருவரோடு பேச வேண்டி வந்தால் மொழிபெயர்ப்பும் என்னிடம் வரும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஆனால் காத்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிடுவது சுலபம். நானும் மறுத்ததில்லை. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கர்வம் இருந்தது.

துப்பாக்கி அனுமதி கேட்பவரோடு வாழும் மனைவியோ கணவனோ விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அலுவலகம் அந்தத் துணையைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆளிடம் துப்பாக்கி இருப்பதைப் பற்றி உங்களுக்கு ஏதும் கவலை உண்டா என்று கேட்கும். ஒரு வீட்டுக்குள் நடப்பதை அறிய எங்களுக்கு இருந்த வழி அந்தக் கேள்வி ஒன்றுதான்.

மில்லிக்கன் பகுதியிலிருந்து தமிழர் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போக ஆசை. துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையும் சித்தியடைந்திருந்தார். மனைவியின் கையெழுத்து மட்டும் இல்லை.

அந்த விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி வடக்கே வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். தானும் வேட்டைக்குப் போகிறவர், கவனமானவர். என்னைப் பக்கத்தில் இருத்திவிட்டுத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல், பின்னால் தமிழ்த் தொலைக்காட்சிச் சத்தம். நான் யார் என்று சொன்னதும் அந்தச் சத்தம் அடங்கியது. குறைத்தது அவள் அல்ல. அவள் தொலைபேசியை விட்டு நகராமல் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவர் துவக்கு வைச்சிருக்கிறதிலை உங்களுக்கு ஏதும் பயம், கவலை இருக்கோ எண்டு கேக்கினம்.”

அவள் சொன்னாள்: “நான் என்னத்தைச் சொல்லுறது, அண்ணை. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ.”

அதிகாரி என்னைப் பார்த்தார். தனக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம், நீங்களே பார்த்துச் செய்ய வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அப்படியென்றால் ஆட்சேபம் இல்லை?”

“இல்லை” என்றேன்.

தமிழ் தெரிந்த எவருக்கும் அந்தப் பேச்சின் பொருளைச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டருக்கு முன்னால் நிற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னால் வாய் திறக்க முடியாது, உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை என்பதுதான் அது. அதைக் கேட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

இதைக் கேள்விப்பட்டபோது என் மனைவி, மொழிபெயர்ப்பில் யாருக்கும் பிழை வரும், விடுங்கோ என்றாள். பிழை இல்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் பெயர்த்தேன். தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. விளங்கியதைச் சொல்லாமல் விட்டேன்.

காரணமும் தெரியும். அந்த நாட்களில் தமிழ்ப் பெயருள்ள விண்ணப்பம் வந்தால், போரிலிருந்து வந்தவரா என்று யாராவது கேட்பார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுட்டது. ஒரு தமிழனுடைய விண்ணப்பமாவது மற்றவர்களுடையதைப் போல ஒரு சொல்லும் இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுச் சங்கதிகளை வெள்ளைக்காரிக்கு முன்னால் ஏன் விரிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். எங்கள் மானத்தைக் காத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அனுமதி கொடுக்கப்பட்டது.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், ஸ்டீல்ஸ் தெருப் பக்கத்துப் பிளாசா ஒன்றில் மருந்துக்கடைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் என்னையே பார்த்தாள். வெளியே வந்ததும் கிட்ட வந்தாள்.

“அண்ணை, துவக்குக் கந்தோரிலை இருந்து என்னோடை கதைச்சது நீங்கள் தானே. குரல் பிடிபட்டிட்டுது.”

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

“அவர் வேட்டைக்குப் போறவரோ?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒருக்காப் போனவர். குளிராம்.” சிரிப்புப் போல ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. “ஒரு நாளும் சுட்டதில்லை, அண்ணை. பொய் சொல்லக் கூடாது. ஓய்வு நாளிலை சாப்பாட்டு மேசையிலை வைச்சுத் துடைப்பார். நான் சோறு போடுவன். துடைச்சுத் துடைச்சுக் கேப்பார், இந்தக் கிழமை ஆரோடை கதைச்சனி எண்டு. பிறகு பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டுவார். எல்லாம் சட்டப்படி.”

“நான் கந்தோருக்கு ஒருக்காச் சொல்லட்டோ, தங்கச்சி?”

“ஐயோ வேண்டாம். இப்ப வந்து துவக்கை எடுத்தால் ஆர் சொன்னதெண்டு அவருக்குத் தெரியும். ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ.”

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். முன்பு அவள் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துத்தான் இந்த நிலை வந்தது. இந்த முறை ‘வேண்டாம்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது என்று தீர்மானித்தேன். அடுத்த நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எனக்குப் பழக்கமில்லாத இளம் குரல் ஒன்று பேசியது. அவர் மிரட்டியதாக அந்தப் பெண் சொன்னாரா? இல்லை. சுடுவேன் என்றாரா? இல்லை. தனக்குப் பயம் என்று அந்தப் பெண் சொன்னாரா? அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை என்றேன். ஆனால் அதுதான் பொருள் என்றும் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றது குரல்.

அலுவலகத்தார் அந்த வீட்டுக்குப் போனார்கள். நடந்ததை அங்கே வேலை செய்யும் பழைய நண்பர் ஒருவர் சொன்னார், சொல்லக்கூடாததைத்தான் சொன்னார். துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருந்ததாம். தோட்டாக்கள் வேறாகப் பூட்டப்பட்டிருந்தனவாம். கணவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டாராம். மனைவியைத் தனியே குசினிக்குள் வைத்து, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டார்களாம். ஒரு பிரச்சினையும் இல்லை, அவர் நல்லவர் என்று அவள் தெளிவாகச் சொன்னாளாம். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை என்றார் நண்பர். ஓம், இருந்திருக்காது.

சில வாரங்களின் பின் தமிழ்க் கடையில் காசாளருக்கு முன்னால் நின்றேன். எனக்கு முன்னால் அவள் தள்ளுவண்டியிலிருந்து முருங்கைக்காயையும் மீன் பொதியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கூட நின்ற ஆண் திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல சிரித்த முகம்.

“அண்ணை, நீங்கள் முந்தித் துவக்குக் கந்தோரிலை இருந்தனீங்களாம். கோயிலிலை சொன்னவை.”

“ஓம்.”

“ஆரோ என்னைப் போட்டுக் குடுத்திட்டினம், அண்ணை. வந்து வீடெல்லாம் பாத்திட்டு, ஒண்டும் பிடிக்கேலாமல் போயிட்டாங்கள். ஆரெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன். உங்கடை ஆக்கள் தானே.”

அவள் நிமிரவில்லை. நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்ததாகக் கேட்பார். அவளைக் காட்டிக்கொடுக்காத பதில் ஒன்று என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் எத்தனையோ நல்ல பொய்கள் தோன்றின.

“எனக்கு அங்கை இப்ப ஒருத்தரையும் தெரியாது.”

“பரவாயில்லை, அண்ணை. ஆரெண்டு எனக்குத் தெரியும். சும்மா கேட்டனான்.”

பைகளை அவள்தான் தூக்கிப் போனாள்.

மறுநாள் மீண்டும் அலுவலகத்துக்கு எடுத்து, அவர் சொன்னதைச் சொன்னேன். பொலிசுக்கும் சொன்னேன். புதிதாக ஏதும் நடந்ததா என்று இரண்டு இடத்திலும் பண்பாகக் கேட்டார்கள். நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, அவளைக் காணலாம் என்று அந்தக் கடைக்கு அடிக்கடி போகிறேன். பால் வாங்குகிறேன், வரிசையில் மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு நிற்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் பால் பைகள் நிறைந்து கிடப்பதைப் பார்த்து மனைவி சத்தம் போடுகிறாள். அவர் இரண்டொரு தடவை தனியே வந்து சாமான் வாங்கிப் போனார். எனக்குத் தலையாட்டினார். அவள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.