கன்னியம்மா போட்ட முடிச்சு

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், எங்கள் திருவொற்றியூர் ஃபிளாட்ஸின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு பட்டியல் போட்டார். விதி ஒன்று: கொடி தரையில் படக் கூடாது. விதி இரண்டு: கிழிந்த கொடி பறக்கக் கூடாது. இப்படியே பதினாலு விதி. எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினோம். தேசபக்தியில் எங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது!

சரி, கொடியைக் கட்டுவது யார்? குழுவில் ஒரு பொம்மைகூட வரவில்லை. "நீங்கதான் பத்திரிகையில எழுதறவராச்சே" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதுகிறவனுக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தமோ...

விடிந்ததும் கேட்டில் மீன் கூடையோடு கன்னியம்மா. நெட்டுக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, வருஷக்கணக்காக வீடு வீடாக மீன் தருகிறவர். என் திண்டாட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க மீன்புடி போட்டு கொடிய நான்தான் சார் கட்றேன். குடுங்க இப்டி."

சோப்பு போட்டுக் கை கழுவினார். பூவை உள்ளே வைத்து மடித்து, கட்டி, மேலே ஏற்றினார். நான் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, கயிற்றை இழுத்தார். பூ கொட்டவில்லை. மறுபடி இழுத்தார். கம்பம் ஆடியது, கொடி விரியவில்லை. கைதட்டத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

"அவுராது சார்!" என்றார் கன்னியம்மா பெருமையாக. "புயலே அட்ச்சாலும் அவுராது. எங்க போட்ல இப்டித்தான் கட்டுவோம்."

அடக் கடவுளே! படகில் கட்டும் கொடி அவிழாமல் இருந்தால்தான் கட்டியவருக்குப் பேர். இங்கே இழுத்தால் அவிழ வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே!

செயலாளர் பதறிப்போய்க் கொடியை இறக்கினார். கயிறு கைநழுவியது. மூட்டை சர்ரென்று கீழே வந்தது. பிடிக்கலாம்தான்... எங்கள் கையில்தான் செல்போன் இருக்கிறதே, வீடியோ யார் எடுப்பது? கன்னியம்மா ஓடிவந்து முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டார். விதி ஒன்றைக் காப்பாற்றியது, அந்தப் பட்டியலையே பார்க்காத ஒருவர்.

"கத்தரிக்கோல் கொண்டாங்க!" என்றார் செயலாளர்.

"கொடிக் கயித்தப் போயி வெட்டுவாங்களா சார்? போட்ட கைக்கு அவுக்கத் தெரியாதா?"

நகத்தால் ஒரு நெம்பு. முடிச்சு விட்டது. இழுத்தால் அவிழ்கிற மாதிரி மாற்றிக் கட்டி ஏற்றினார். அதிகாரி இழுத்தார். பூ கொட்டியது. பாடினோம், லட்டு சாப்பிட்டோம்.

"கயித்த கம்பத்துல நல்லா இறுக்கிக் கட்டிட்டுப் போம்மா" என்று உத்தரவு போட்டார் செயலாளர். கன்னியம்மா இறுக்கிக் கட்டினார்.

மாலையில் அடுத்த மெசேஜ். 'விழாவில் நேர்ந்த அவமானத்தைக் கருதி, மீன்காரம்மாவுக்கு இனி கேட்டுக்குள் அனுமதி இல்லை.' மறுபடி கைகூப்பும் பொம்மைகள். அதில் ஒன்று என்னுடையது. 'தப்பு என்னுடையது' என்று டைப் செய்தேன்... அழித்தும்விட்டேன்.

மூன்று வாரமாகக் கன்னியம்மா வெளியே வெயிலில் நின்று விற்கிறார். மாடியிலிருந்து இறங்கி வந்து வாங்க யாராலும் முடியவில்லை. கூடையில் பாதி அப்படியே திரும்பிப் போகிறது.

"இன்னா சார், நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? கட்டச் சொன்னீங்க, கட்னேன்" என்று நேற்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாடிக்கு வந்து, பத்திரிகைக்கு இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

கொடியோ, உப்புக்காற்றில் ஓரம் கிழிந்து பறக்கிறது. இறக்கியாக வேண்டும். கம்பத்து முடிச்சைச் செயலாளர், வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன் என்று எல்லோரும் பார்த்தாயிற்று. ம்ஹூம். வெட்டினால் கொடி தரையில் விழும், விதி ஒன்று. விட்டால் கிழிந்த கொடி பறக்கும், விதி இரண்டு.

செயலாளர் சார், இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பதாகச் சொல்வீர்கள். தப்பு என்னுடையது. கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவனும் நான்தான்.

கேட்டைத் திறந்துவிடுங்கள் சார்... நம்ம கொடி கிழிகிறது.