பிள்ளையாருக்கு விட்ட வளைவு

பத்தாவதோடு நின்றவன் நான். கார் ஓட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று தோன்றினால் அது நியாயம்தான். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வாய் வராது. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன். தப்பிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

வீடு விழுப்புரம். வண்டி போடுவது திண்டிவனம் ஸ்டாண்டில். என் பழைய வாடகைக் காரின் டேஷ்போர்டில் எதை வைத்தாலும் திருப்பத்தில் வழுக்கி விழும். போன், மூக்குக்கண்ணாடி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் ஸ்கேன் கவர் எல்லாம் காலடிக்குப் போய்விடும். பொருள் வைக்கக் கடையில் விற்கிற தட்டு எதுவும் டேஷ்போர்டின் வளைவில் உட்காரவில்லை.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன், பிளாஸ்டிக்கில் பொருள் அச்சடிக்கும் மெஷின் வாங்கித் திண்டிவனத்தில் கடை போட்டிருந்தான். "நீயே கம்ப்யூட்டர்ல வரைஞ்சிக்கோடா மச்சான், நான் போட்டுத் தரேன்" என்றான். சவாரி இல்லாத மத்தியானங்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதலில் வெளிக்கோடு வரைய வேண்டும். அதை மேலே இழுத்தால் கட்டையாக நிற்கும். உள்ளே குடைந்தால் தட்டு. டேஷ்போர்டின் வளைவை அளக்கச் செம்புக் கம்பியை அதன்மேல் அழுத்தி வளைத்தேன். காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்து, அதைப் பார்த்து வரைந்தேன்.

முதல் தடவை சென்டிமீட்டரில் அளந்த எண்களை அப்படியே போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. மெஷினிலிருந்து வந்தது தீப்பெட்டி அளவு.

"இன்னாடா இது, எலிக்குக் காரு வாங்கிக்கினியா?"

அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். வெளியிடத்தில் நான் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

சரியான அளவில் வரைந்து கொடுத்தேன். "மெஷினு ரிப்பேரு, கொஞ்சம் பொறு" என்றான். போகும்போதெல்லாம் அதையே சொன்னான். நானாக யோசித்துச் செய்த முதல் பொருள் அது. கையில் வாங்கியதும் வீட்டில் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஸ்டாண்டில் இன்னொரு டிரைவருக்கும் என் மாடல் வண்டிதான். ஒருநாள் அவர் டேஷ்போர்டில் ஒரு கறுப்புத் தட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் அரைவட்டமாக ஒரு வெட்டு.

"நல்லாகீது இல்ல? நம்ம பிரிண்டு கடைக்காரரே டிசைன் பண்ணது. நடுவுல மட்டும் இன்னாத்துக்கு வெட்டி வுட்டாருன்னுதான் தெரியல."

என் வண்டியில் அந்த இடத்தில் பிள்ளையார் இருக்கிறார். வண்டி வாங்கிய அன்று மனைவி ஒட்டியது. பெயர்க்க மனமில்லாமல் அவரைச் சுற்றி வளைத்து வரைந்திருந்தேன். இந்த டிரைவரின் வண்டிக் கண்ணாடியில் சிலுவை தொங்கியது.

கடைக்குப் போனேன். அதே தட்டுகள் அடுக்கியிருந்தன.

"மெஷினு ஓடுதா?" என்றுதான் கேட்க வந்தது.

"ஓடுது மச்சான். உன்னுது நல்லா வந்துச்சி, கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன். மூஞ்ச ஏன் இப்டி வச்சிக்கினு கீற? ஒண்ணு எடுத்துக்கினு போ."

"நீ வரைஞ்சதுன்னு சொன்னியாமே."

"பின்ன? டிரைவரு வரைஞ்சான்னு சொன்னா எவன்டா வாங்குவான்?"

ஒரு தட்டின் பிசிறைப் பிளேடால் சுரண்டிக்கொண்டே சொன்னான். நிமிரவில்லை. கற்றுக்கொடுத்தவனும் அவன்தான் என்பதால் திட்டவும் வாய் வரவில்லை. கடையில் நின்ற இரண்டு பேரிடம், இது நான் வரைந்தது என்று சொல்லியிருக்கலாம். தட்டையும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் திண்டிவனம் போகவில்லை. விழுப்புரம் ஸ்டாண்டில் வண்டி போட்டேன். மத்தியானம் வளவனூருக்கு ஒரு சவாரி வந்தது. முதல் திருப்பத்திலேயே போன் வழுக்கிக் காலடிக்குப் போனது.