ஓஸெல்லா சொன்ன நாலு

ஓஸெல்லா ப்ரூயிட் உள்ளூர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டத்தை ஒரு வருடம்கூட மெச்சியதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னிருக்கைச் சேட்டையைக் கண்ணாடியிலேயே பிடித்துவிடுகிற கண்.

ஆகஸ்டில் தேவாலயக் கூடத்தில் கெளுத்தி மீன் வறுவல் விருந்து நடக்கும். வரப்போகும் சீசனில் அணிக்கு எத்தனை வெற்றி என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். எல்லாரும் ஒன்பது, பத்து என்பார்கள். ஓஸெல்லா மூன்று என்பாள், நான்கு என்பாள். கூடமே ஊளையிடும். சோள ரொட்டித் துண்டுகள் அவள் மேல் பறக்கும். கணிப்பில் அதிகம் தவறியவர் அடுத்த விருந்துக்கு மீன் கழுவ வேண்டும். ஓஸெல்லா பல தடவை கழுவியிருக்கிறாள். கழுவிக்கொண்டே, "ஜெயிச்சது அதிர்ஷ்டத்துல. தடுப்பு ஓட்டைதான்" என்பாள்.

ஜூனில் இறந்தாள். நுரையீரல்.

மகள் ரெனிட்டா பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். விரிசலை விரிசல் என்று எழுதுவதுதான் அவள் வேலை. அந்த ஆகஸ்டில் விருந்துக்குத் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். தேவாலய ஊழியரான டீக்கன் லமார் கோட்ஸ் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சிஸ்டர் ஓஸெல்லா மேலேருந்து பார்த்துக்கிட்டிருக்காங்க. என்ன சொல்றாங்க தெரியுமா? இந்த வருஷம் பத்து வெற்றி!"

"ஆமென்!" என்றது கூடம். டீக்கன் கணிப்புகளை எழுதும் கரும்பலகையில் ஓஸெல்லாவின் பெயரை எழுதி, பக்கத்தில் பத்து என்று போட்டார்.

நாற்காலி பின்னால் சாய, ரெனிட்டா எழுந்தாள்.

"அழிங்க அதை."

"என்னம்மா?"

"எங்கம்மா பத்துன்னு சொல்லல. ஏப்ரல்ல பயிற்சி ஆட்டத்துக்கு ஆக்சிஜன் உருளையோட கூட்டிட்டுப் போனேன். ஓரத்துல நிக்கிற ரெண்டு பேரும் ஆளை விட்டுட்டுப் பந்தையே பார்க்கிறானுங்க. பந்தோட ஓடி வர்றவனைக் கட்டிப் பிடிக்கிறதில்ல, தோளால இடிக்கிறானுங்க. அவன் உதறிட்டுப் போயிட்டே இருக்கான். முன்வரிசைக்குப் பாதி ஆட்டத்துலயே இளைக்குது, மாத்தி இறக்க ஆள் கிடையாது. 'இவனுங்களுக்கு என் மூச்சே தேவலை'ன்னாங்க. நாலு. அதுக்கு மேல ஒண்ணு கிடையாதுன்னாங்க."

யாரும் ஊளையிடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைத் தடவினாள்.

"பாவம், துக்கத்துல பேசுது புள்ள. உட்காரு கண்ணு, சாப்பிடு."

ரெனிட்டா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன பாவம்? உயிரோட இருந்தப்ப ரொட்டியால அடிச்சீங்க. செத்ததும் தேவதையாக்கி, உங்க பேச்சை அவங்க வாயில திணிக்கிறீங்களா? அவங்களே இங்க நின்னு நாலுன்னு சொல்லியிருந்தா இப்படித்தான் மூஞ்சியைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"



மைதானத்தில் ஓஸெல்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலமெல்லாம் அவளோடு சண்டை போட்டவர் வெண்டெல் ஹாஸ்கின்ஸ். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாலா? உங்கம்மாவுக்கு பஸ் ஓட்டத்தான் தெரியும், பந்தாட்டம் தெரியாதுன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னவன் நான். ஊஊஊ!"

அவர் எறிந்த ரொட்டி ரெனிட்டாவின் கன்னத்தில் பட்டுச் சிதறியது. பின்வரிசையில் ஒருவர் ஊளையிட்டார். இன்னொருவர். பிறகு கூடமே.

டீக்கன் சட்டைக்கையால் பத்தை அழித்து நாலு என்று எழுதினார்.

"தப்பாப் போனா மீன் யார் கழுவறது?" என்றார் வெண்டெல். "செத்தவளா வந்து கழுவுவா?"

"நான் கழுவறேன், மிஸ்டர் வெண்டெல்." கண்ணீரை அவள் துடைக்கவில்லை, குரலும் தணியவில்லை. "ஆனா கழுவப்போறது நீங்கதான். உங்க தடுப்பு ஓட்டை!"

அடுத்த ரொட்டி நெற்றியில் விழுந்தது.