காலுக்கு வராத தண்ணீர்

உம்மு சல்மாவுக்கு அஃப்ரீன் மேல் பொறாமை. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? கட்டடங்களுக்குக் குழாய் அமைப்பு வரைந்து தரும் அந்த அலுவலகத்தில் இருபது வருஷமாகத் தேய்ந்தவள் சல்மா. நேற்று வந்தவள் அஃப்ரீன். ஈசூன் வட்டாரத்தில் புதுப்பிக்கிற ஒரு பள்ளிவாசலுக்கு அவள் ஒரு யோசனை சொன்னாள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும் இடத்தில் சென்சார் குழாய் வைப்போம், கையைக் கண்டால் தண்ணீர் வரும், எடுத்தால் நிற்கும். கழுவிய தண்ணீரையும் பிடித்துக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவோம் என்றாள். முதலாளி வெங்கடேஷ் குளிர்ந்துபோனார். செங்காங்கில் வரப்போகும் பெரிய வேலைக்கும் இவள்தான் தலைமை என்று அலுவலகமே பேசியது. அந்த வேலைக்காகச் சல்மா ஒரு வருஷமாக மனக்கோட்டை கட்டியிருந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு அந்தப் பெண் நல்லவள் வேறு. தேக்கா கடைத்தெருப் பக்கம் போனால் சல்மாவுக்கும் சேர்த்துப் புரோட்டா வாங்கி வருவாள். 'லாத்தா, லாத்தா' என்று கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிடுவது போல ஒட்டிக்கொள்வாள். திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுக்கக் கூடாதா, சண்டாளி!

அந்தப் பள்ளிவாசல் வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலை சல்மாவிடம் வந்தது. பார்த்ததுமே ஓட்டை தெரிந்துவிட்டது. சென்சார் கை உயரத்தில் இருந்தது. நின்று ஒளு செய்கிறவர்கள் காலைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். முக்காலியில் உட்கார்ந்து செய்கிறவர்களின் கால் தரையோடு கிடக்குமே, அது எப்படிச் சென்சாருக்குத் தெரியும்? சல்மா மூட்டுவலிக்காரி, உட்கார்ந்துதான் செய்வாள். சின்னப் பெண்ணுக்கு அந்த அவஸ்தை எங்கே தெரியப் போகிறது? ஒரு வார்த்தை சொன்னால் போதும். சல்மா சொல்லவில்லை. நல்லா மூக்குடைபடட்டும் என்று கையெழுத்தைப் போட்டாள்.

திறப்பதற்கு முன்னால் பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் வெங்கடேஷும் சோதித்துப் பார்க்க வந்தார்கள். சல்மாவும் அஃப்ரீனும் கூட இருந்தார்கள். நிர்வாகத்திலிருந்த ஒரு வயதான அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். கை நனைந்தது, முகம் நனைந்தது, காலுக்குத் தண்ணீர் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து காலைத் தூக்கப் போனவர் ஈரத்தில் வழுக்கினார். அஃப்ரீன் பாய்ந்து தாங்கிக்கொண்டாள். அப்படியே ஈரத்தில் மண்டியிட்டு, குழாயில் கையேந்திப் பிடித்த தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவி, அவளுக்காக இறைவனிடம் துவா கேட்டார். அதைப் பார்த்தும் சல்மாவுக்கு எரிந்தது.

யார் தப்பு இது என்று வெங்கடேஷ் கேட்டார். முழுக்க என் தப்புதான், லாத்தாவை அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்றாள் அஃப்ரீன். யார் அவசரப்படுத்தினார்கள்? அந்த வரைபடம் ஒரு வாரம் சல்மா மேசையில்தான் கிடந்தது. சல்மா வாயே திறக்கவில்லை. திரும்பும் வழியிலேயே செங்காங் வேலை சல்மாவுக்கு என்று வெங்கடேஷ் சொல்லிவிட்டார்.

எம்ஆர்டி ரயிலில் அஃப்ரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

"உங்களுக்குக் கெடைச்சது எனக்குச் சந்தோஷம்தான் லாத்தா. உங்களை மாதிரி ஆள் செக் பண்றதாலதான் நான் பயப்படாம டிராயிங் போடுறேன். செங்காங்லயும் என்னோடதை நீங்கதான் பார்க்கணும்."

சல்மா தலையாட்டினாள். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அப்படியும், பக்கத்து இருக்கையில், அந்தக் கள்ளமில்லாத மனசோடு, தான் அஃப்ரீனாக உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.