ஹார்பின் குளிரை நம்பிய லின்

நியூஜெர்சியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில், குளிர்காலம் வந்துவிட்டால் எதிர் பால்கனிக்காரி சாப்பாட்டை வெளியே தொங்கவிடுவாள். நம் ஊரில் காக்கைக்குப் பயந்து மூடி வைப்போம். இவளோ இறைச்சிக் கொழுக்கட்டைகளைப் பை பையாகக் கட்டிக் கம்பியில் மாட்டுவாள். பாவம், ஃபிரிட்ஜ் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று சொல்லப் போனேன். அவள் ஃபிரிட்ஜ் என்னுடையதைவிடப் பெரியது. "குளிர் சும்மாதானே கெடக்கு, கரண்ட் எதுக்கு?" என்றாள். பேசியது எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலம், தமிழாக்கியது நான். அவள் பெயர் லின். மருந்துக் கம்பெனியில் வேலை. ஊர் ஹார்பின், சீனாவின் வடக்கு மூலை.

எனக்குக் கோவில்பட்டி. வெயிலைத் தவிர வேறெதையும் தாராளமாகக் கொடுக்காத ஊர். நானும் இங்கே வந்த முதல் ஆகஸ்டில் நம்ம ஊர் வெயில் நினைப்பில் பால்கனியில் வத்தல் போட்டு, மூன்றாம் நாள் பூஞ்சையோடு அள்ளிக் கொட்டியவள்தான். அதைச் சொன்னதும் லின் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து சிநேகிதியானோம்.

ஹார்பினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. ரயில் பாதை போட வந்த ரஷ்யர்கள் கட்டிய ஊராம். கல் பாவிய தெரு, வெங்காயம் போலப் பச்சைக் கோபுரம் வைத்த சர்ச், புகைமணக்கும் பூண்டு போட்ட சாசேஜ், ஆட்டுக்கல் பருமனில் புளித்த ரொட்டி. உறைகிற குளிரில், அந்தக் கல் தெருவில் அட்டைப் பெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் விற்பார்களாம். கையுறை போட்ட கையோடு ஜனங்கள் நின்று தின்பார்களாம். "ரஷ்யர்கள் போயிட்டாங்க. ரொட்டி மட்டும் எங்களோட இருந்துடுச்சு" என்பாள். ஒருமுறை அவளைப் பக்கத்து டவுனில் ஒரு ரஷ்யக் கடைக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். கடைக்காரம்மா லின்னின் முகத்தைப் பார்த்ததுமே, "சைனீஸ் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றாள். லின் அசரவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ரொட்டியைக் காட்டி, "இது எங்க ஊர் ரொட்டி" என்றாள். அந்தம்மா என்னைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அது ரொட்டி மாதிரியே தெரியவில்லை.

இத்தனை ஆசைக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. லின்னுக்கு ஆறு வயதில் ஒரு மகள், யுவான். படிக்க வந்தபோது கைக்குழந்தையாக ஹார்பினில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ரெண்டு வருஷம் என்றுதான் கணக்கு. விசா, தீசிஸ், வேலை என்று அது நீண்டுகொண்டே போனது. புருஷன் டெக்சாஸில் ஆராய்ச்சி. வரும் சீனப் புத்தாண்டுக்கு, தெரிந்தவர் ஒருவரோடு யுவானை விமானத்தில் ஏற்றிவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். "எங்க ஊர் சாப்பாடு இருந்தா அவளுக்கு வேத்தா தெரியாது" என்று லின் வாரக்கணக்கில் மாவு பிசைந்தாள்.

எனக்கு அந்தக் கதை வெறும் கதையில்லை. அப்போது என் மகன் கதிருக்கு எட்டு மாதம். டேகேரில் விட்டால் வாரா வாரம் காய்ச்சல். எனக்கும் என் கணவர் செந்திலுக்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயில் பிடித்து நியூயார்க்கில் வேலை. "கோவில்பட்டியில உங்க அக்காகிட்ட விட்டுடலாம். ரெண்டே வருஷம். அவங்களுக்கும் குழந்தை இல்ல, கண்ணு மாதிரி பாத்துப்பாங்க" என்றார் செந்தில். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் என் கோபமே. பிப்ரவரி கடைசியில் ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அனுப்புவதாக டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

யுவான் வருவதற்கு ரெண்டு நாள் முன்பு நியூஜெர்சி தன் புத்தியைக் காட்டியது. ஜனவரியில் திடீரென்று சட்டையோடு நடக்கிற அளவுக்கு வெயில். லின் லேபில் இருந்தாள். ஹார்பினில் மார்ச் வரை குளிர் வாக்குத் தவறாது. அந்த நம்பிக்கையில் ஒன்றைக்கூட அவள் உள்ளே வைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால், கொழுக்கட்டை எல்லாம் உருகி ஒரே களியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஊர் குளிரைக்கூட நம்ப முடியல" என்றாள்.

யுவான் வந்தாள். சிவந்த கன்னம், இரட்டைப் பின்னல், நல்ல மரியாதை. அம்மாவை 'ஆன்ட்டி' என்று அவர்கள் பாஷையில் கூப்பிட்டாளாம். லின் அதைச் சிரித்தபடி எனக்குச் சொன்னாள், "இந்தக் காலனில எல்லாப் பிள்ளைங்களும் எல்லாரையும் ஆன்ட்டின்னுதானே கூப்பிடுது." பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தப் பிள்ளையின் மனம் கல்லில்லை. அம்மா என்று அவள் அறிந்தவள் ஹார்பினில் இருந்தாள், அவ்வளவுதான். போனில் பெரியம்மாவிடம் "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ" என்று தேம்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் அந்த அக்கா, "நான் இல்லடி, பக்கத்துல நிக்கிறாளே, அவதான் உன் அம்மா" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாளாம்.

குளிர் திரும்பிய ஒரு சனிக்கிழமை, கடை பார்க்கிங்கில் இருவரையும் பார்த்தேன். கோட்டும் தொப்பியுமாக நின்று குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், "குழந்தைக்கு ஜுரம் வரப்போகுது" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இது ஒரு குளிரா, எங்க ஊர்ல வந்து பாருன்னு சொல்றா" என்று லின் என்னிடம் சொன்னபோது, மகளைப் பெற்ற அன்றைக்கும் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

அங்கேயே கேட்டுவிட்டேன். "கதிரை அனுப்பட்டுமா?"

"உன் அக்கா நல்லவளா?"

"ரொம்ப நல்லவ."

"அப்ப கஷ்டம்" என்றாள் லின்.

அன்றே செந்திலிடம் டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொன்னேன். "அப்ப யார் பாத்துக்கிறது?" "நான். வேலையை விடுறேன்." விட்டேன். அக்காவுக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது, அத்தான் ஏற்கெனவே உத்தரத்தில் தொட்டில் கொக்கி அடித்திருந்தார். அக்கா, "சரிடி, பெத்தவகிட்ட இருக்கிறதுதான் சரி. கொக்கி அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். போனை வைத்த பிறகு நான்தான் அழுதேன்.

அந்தக் கோடையில் லின் யுவானைக் கூட்டிக்கொண்டு புருஷனிடம் டெக்சாஸுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் போனில் சொன்னாள். யுவான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி "அம்மா" என்று கூப்பிட்டாளாம். பழக்கமில்லாததால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று லின் திரும்பியே பார்க்கவில்லையாம்.

கிரீன் கார்டு வந்து நாங்கள் கோவில்பட்டிக்குப் போனபோது கதிருக்கு நாலு வயது. அக்கா வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஹூ இஸ் ஷீ, மம்மி?" என்றான். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. "பெரியம்மாடா கண்ணு" என்றாள், சிரித்துக்கொண்டேதான். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அவன் என் சேலையை இறுகப் பிடித்திருந்தான். அந்தப் பிடியை விலக்கி அவனை அவளிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகவும் கால் வரவில்லை.