படகுத்துறைக்கு ஒரு வரி

லண்டனிலிருந்து வரும் எந்த ஒப்பந்த வரைவையும் அல்வீனா ஹாரிகன் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கணினியில் அது திறந்ததும் தேடும் இடத்தில் ‘அங்கில்லா’ என்று தட்டிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொள்வார். “உக்காந்து பாத்தா மனசு தாங்காது” என்பார்.

அங்கில்லா, கரீபியன் கடலில் பிரிட்டனின் ஆளுகையிலுள்ள எங்கள் தீவு. அதன் அரசு அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேசைக்காரர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பேச்சு தொடங்கியதிலிருந்து, தீவுக்காக லண்டனுக்கு மனு எழுதுவது அவர் வேலை. விலகலாமா என்ற வாக்கெடுப்பில் எங்களுக்கு ஓட்டுக் கிடையாது. எதிரே, படகில் இருபது நிமிடத்தில், பிரெஞ்சுக்காரர்களின் செயின்ட் மார்ட்டின். மருத்துவர், தபால், எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான். விலகல் முடிந்தால், ஒன்றியத்திலேயே இருக்கும் அந்தக் கரை எங்களுக்கு வேற்று எல்லை.

லண்டன்காரர்கள் மேசைக்கு வரும் நேரத்தைப் பிடிக்க விடியுமுன்பே வந்துவிடுவார். ஜானி கேக் என்ற பொரித்த ரொட்டியைப் பிட்டு வாயில் ஒதுக்கிக்கொண்டு, “நான்தாங்க. ஆமா, அதே தீவுதான்” என்பார் போனில். ஒருமுறை மறுமுனை அதிகாரி கணவாய் மீன் ஏற்றுமதியை விசாரித்தார். “தம்பி, நீங்க சொல்றது ஃபாக்லாந்து. அது தெக்க குளிர்ல கெடக்கு. நாங்க வெயில்ல கெடக்கோம்.” நாங்கள் சிரித்தோம். அல்வீனா சிரிக்கவில்லை; போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.

அவர் கேட்டது ஒரே ஒரு வரி: படகில் போகிறவர்களை இப்போதுபோலவே போகவிட வேண்டும். அதற்காக மூன்று நாள் படகுத்துறையில் நின்று, எதற்குப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினார். “பல்வலி.” “தங்கச்சிக்குப் பிரசவம்.” “என் ஆளு அங்கதான் இருக்கா, அதையும் எழுது!” அதையும் எழுதினார். அல்வீனாவின் பக்கத்து வீட்டு அயோனா மாதம் ஒருமுறை இதய மருத்துவரைப் பார்க்கப் போகிறவர். “என் பேர முழுசா போடுடி. இப்படி ஒருத்தி இருக்கான்னாவது தெரியட்டும்.”

விலகல் ஒப்பந்தத்தின் இறுதி வரைவு ஒரு வியாழக்கிழமை வந்தது. ஓர் இடத்தில் எங்கள் பெயர் இருந்தது. பிரிட்டனின் கடல் கடந்த பிரதேசங்களின் பட்டியலில், ஆங்கில அகரவரிசைப்படி முதலாவதாக. நாங்கள் கைதட்டிவிட்டோம்.

“தட்டாதீங்க” என்றார் அல்வீனா. “ரெண்டு ஊர்ப் பேர் தள்ளிப் பாருங்க. அண்டார்டிக்கா, பெங்குயின் மட்டும் இருக்கிற பனிக்கட்டி. அதுக்கு என்னவோ அதான் நமக்கும்.”

படகைப் பற்றி ஒரு சொல் இல்லை. லண்டனுக்குப் பேசினார். மனுவை மிக நன்றாக எழுதியிருந்ததாகப் பாராட்டினார்களாம்.

அன்று அயோனாவின் மருத்துவர் நாள். அல்வீனா படகுத்துறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“வந்துச்சா?” என்றார் அயோனா.

“வந்துச்சுக்கா.”

“நம்ம படகு?”

“அது இல்லக்கா.”

“அப்போ இனிமே என்னைய அங்க விடுவாங்களாடி?”

“தெரியலக்கா.”

அயோனா படகில் கால் வைக்க, அல்வீனா கை கொடுத்தார். கயிற்றை அவிழ்த்தார்கள்.

“கைய விடும்மா, கெளம்பணும்!” என்று படகோட்டி இரண்டு தடவை கத்தினார். அல்வீனா விடவில்லை.